மூன்றே முக்கால் லட்சத்தில் விமானி ஆக முடியுமா?



வணிக விமானி உரிமம் பெற பிளஸ் 2-வில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மருத்துவத் தகுதி வேண்டும். எழுத்துத் தேர்வுகளில் தேற வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்கவும் வேண்டும். உடையார்பாளையம் வட்டார அரசுப் பள்ளிகளில் படித்து வரும் பிள்ளைகள் மற்ற எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்துவிடுவார்கள். அவர்களை வாசலிலேயே நிறுத்துவது அந்த 200 மணி நேரம்தான்.

பயிற்சி விமானம் பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் எரிபொருள், பராமரிப்பு, பயிற்றுநர் ஊதியம் என்று பணம் கரைகிறது. உத்தரப் பிரதேசம் ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசே நடத்தும் இந்திரா காந்தி விமானப் பயிற்சி அகாடமியில்கூடக் கட்டணம் சுமார் 45 லட்சம் ரூபாய். தனியார் பள்ளிகளில் 40 லட்சத்துக்குள் முடிந்தால் அதிர்ஷ்டம். ஒரு தவணை தவறினால் பறப்பும் நின்றுபோகும். உரிமம் கைக்கு வந்த பிறகும், ஏர்பஸ் போன்ற பெரிய விமானத்துக்கான தனிப் பயிற்சிக்கு மேலும் பல லட்சம் தேவை.

உதவித்தொகையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிற்படுத்தப்பட்ட மாணவருக்கான மத்திய அரசின் யசஸ்வி திட்டம் விமானி பயிற்சியையும் ஏற்கிறது. ஆனால் தனியார் பயிற்சிக் கழகத்தில் சேர்வோருக்கு அது வைத்திருக்கும் உச்சவரம்பு ஆண்டுக்கு 3.72 லட்சம் ரூபாய். இரண்டு ஆண்டுப் பயிற்சிக்கும் சேர்த்து ஏழரை லட்சம்கூட வராது. விண்ணப்பிக்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானமோ 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. 40 லட்சத்தில் மீதியுள்ள முப்பத்திரண்டு லட்சத்துக்கும் மேலான தொகை அந்தக் குடும்பத்தின் பதின்மூன்று ஆண்டு வருமானம். ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் சேர்த்தாலும் கதை இதுதான். இப்படி ஒரு தொகையை நிர்ணயித்துவிட்டு அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைப்பது அநியாயம்.

வங்கிக் கடனும் கைகொடுப்பதில்லை. 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் சொத்துப் பிணை கேட்கிறார்கள். மானாவாரி முந்திரிக் காட்டையோ தறி போட்ட ஓட்டு வீட்டையோ வைத்து 32 லட்சம் யார் தருவார்கள்?

தமிழக அரசின் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டால், அரசுப் பள்ளி மாணவர் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியலைக் கட்டணம் இல்லாமல் படிக்க முடிகிறது. பெருமைப்பட வேண்டிய திட்டம் அது. அதே மாணவர் விமானத்தை ஓட்ட விரும்பினால் அந்தச் சலுகை இல்லை. விமானி பயிற்சி கலந்தாய்வுப் படிப்பு அல்ல. ஆதிதிராவிட, பழங்குடி இளைஞர்களுக்கு மாநில அரசு நிறுவனமான தாட்கோ விமானப் பணிக்குழு, விமான நிலையப் பணிகளுக்கான பயிற்சி அளிக்கிறது. விமானி இருக்கை வரை அந்தக் கை நீளவில்லை.

பிற மாநிலங்கள் வழி கண்டிருக்கின்றன. கேரளத்தில் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி அகாடமியில் பயிலும் பட்டியலின, பழங்குடி மாணவருக்கு மாநில அரசு பணம் கட்டுகிறது. குஜராத் 4 சதவீத வட்டியில் 25 லட்சம் வரை கடன் தருகிறது.

சேலம் காமலாபுரத்தில் இன்று பயிற்சி விமானங்கள் பறக்கின்றன. எங்கள் அரியலூர் மாவட்டப் பிள்ளைகளுக்கு அது தூரமே இல்லை. மத்திய அரசு 3.72 லட்ச வரம்பை உண்மைக் கட்டணத்துக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். தமிழக அரசு அரசுப் பள்ளியில் படித்தவர்களில் ஆண்டுக்குச் சிலரையாவது தேர்ந்தெடுத்து, முழுப் பயிற்சிச் செலவையும் ஏற்க வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
உடையார்பாளையம்.