படகுக்குக் கூரை போடுகிறீர்களா? இரும்பு வேண்டாம்!

எண்ணூர் முதல் காசிமேடு வரை கடற்கரையைப் பாருங்கள். மோட்டார் பொருத்திய பைபர் படகுகள் நிற்கும். பெரிய விசைப்படகில் ஓட்டுகிறவருக்கு அறை உண்டு. அதைக் 'கேபின்' என்பார்கள். சின்னப் படகில் அது இல்லை. வெயிலும் மழையும் உப்புத் தண்ணீரும் ஓட்டுகிறவர் முகத்தில்தான் அடிக்கும்.

"நாமே ஒரு கேபின் கட்டினால் என்ன?" என்று படகுக்காரர் நினைப்பது நியாயமே. கடலில் உழைப்பவருக்கு நிழல் ஆடம்பரம் அல்ல. கட்டட்டும். ஆனால் எதனால் கட்டுவது?

பக்கத்திலேயே சாத்தாங்காடு இரும்பு அங்காடி இருக்கிறது. "இரும்பில் அடித்தால் உறுதியாக இருக்குமே!" என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து.

குடமும் படகும்

இடுப்பில் தண்ணீர்க் குடம் வைத்திருக்கும் பெண் தள்ளாடாமல் நடப்பாள். அதே குடத்தை இரு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நடந்தால்? தடுமாறுவாள். படகும் அப்படித்தான். பாரம் அடியில் இருந்தால், சாய்ந்த படகு நிமிரும். பாரம் மேலே ஏறினால் கவிழும். போதாததற்கு, கேபின் சுவர் பாய் போலக் காற்றையும் பிடிக்கும்.

1628-ம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். சுவீடன் நாட்டில் 'வாசா' என்ற போர்க்கப்பலைக் கட்டினார்கள். மேல்பாரம் அதிகம். புறப்படும் முன்பு 30 பேரை மேல்தட்டில் இப்படியும் அப்படியும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். கப்பல் பயங்கரமாக ஆடியது. சோதனையை நிறுத்தினார்கள், கப்பலைத் திருத்தவில்லை! ஆகஸ்ட் 10-ந் தேதி முதல் பயணம். ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகவில்லை. காற்றில் சாய்ந்து மூழ்கியது.

என்ன செய்யலாம்?

ஒரே அளவுத் துண்டை எடுத்தால், அலுமினியத்தின் எடை இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அலுமினியச் சட்டம் போடுங்கள். தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை அடித்து, பைபர் பூசுங்கள். உட்கார்ந்து ஓட்டும் உயரம் போதும். நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியவேண்டும். பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். படகு கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர் உடனே வெளியே வர வேண்டுமே! கூரைமேல் வலையையும் ஐஸ் பெட்டியையும் ஏற்றாதீர்கள்.

கேபின் கட்டுமுன் ஒரு சோதனை. அலையில்லாத தண்ணீரில் எல்லோரும் படகின் ஒரே பக்கமாக நகருங்கள். தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று குறியுங்கள். கட்டிய பிறகும் அப்படியே செய்யுங்கள். அதிகம் சாய்ந்தால் பாரத்தைக் குறையுங்கள். இன்னொன்று: முன்பைவிடப் படகு மெதுவாகச் சாய்ந்து, மெதுவாக எழுந்தால் 'சுகமாக இருக்கிறது' என்று மகிழாதீர்கள். அது மேல்பாரத்தின் அடையாளம்!

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. "இதைச் செய்யாதே" என்று சொன்னால் மட்டும் போதாது. சோதித்துப் பார்த்த கேபின் வரைபடம் ஒன்றை எளிய தமிழில் அச்சிட்டு, மீன்வளத் துறை இலவசமாகக் கொடுக்கலாம். வரைபடம் ஒரு தாள்தான். அது காப்பாற்றுவது பல குடும்பங்களை.

கரையில் ஒரு கூரையின் கீழே மனைவி மக்கள் காத்திருக்கிறார்கள். கடலில் போடுகிற கூரை, அவரைப் பத்திரமாக அங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.