பிள்ளைகளிடம் துன்பத்தை மறைப்பது பாதுகாப்பா?



லோயிஸ் லௌரி என்னும் அமெரிக்க எழுத்தாளரின் 'தி கிவர்' என்னும் இளையோர் புதினத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 23 அத்தியாயங்கள், பதினாறைக் கடந்துள்ளேன். முடிவை அறிந்தவர்கள் அருள்கூர்ந்து சொல்லிவிடாதீர்கள்! நூலை முடிக்கும் முன்பே அதைப் பற்றி எழுதலாமா என்று கேட்பீர்கள். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இக்கதையைத் தமிழில் சொல்லலாமே என்று நண்பர்கள் சிலரிடம் கூறினேன். ஒரு பக்கத்தையும் புரட்டாமலே "வேண்டாம்" என்றனர். ஒன்றும் படிக்காமல் மறுப்பவருக்குப் பாதி படித்தவர் மறுமொழி கூறுவதில் குற்றமில்லை.

கதை வருங்காலத்தில் நடக்கிறது. அவ்வூரில் பசி இல்லை, போர் இல்லை, வலிக்கு உடனே மருந்து உண்டு. நிறங்கள்கூட மக்கள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பன்னிரண்டு வயதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய தொழிலைப் பெரியவர்களே விதித்துவிடுகிறார்கள். உலகின் பழைய நினைவுகள் அனைத்தும் ஒரே ஒரு முதியவரிடம் உள்ளன. மற்றவர்கள் நிம்மதியாக வாழ்வதற்காக எல்லாருடைய துன்பத்தையும் அவர் சுமக்கிறார். ஜோனஸ் என்னும் சிறுவன் அவருடைய வாரிசாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறான். முதலில் பனியில் சறுக்கும் இன்பத்தைப் பெறுகிறான். பிறகு கால் முறியும் வலியைப் பெறுகிறான். பதினைந்தாம் அத்தியாயத்தில் ஒரு போர்க்களத்தின் நினைவைப் பெறுகிறான். மிகச் சிறிய அத்தியாயம்தான். ஆயினும் அடுத்த பக்கத்தைப் புரட்டச் சற்று நேரம் ஆயிற்று.

"பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இத்தனை துயரம் எதற்கு?" இதுவே நண்பர்களின் கேள்வி. இது புதிய கேள்வியன்று. 1993இல் வெளிவந்த இந்நூல் 1994இல் நியூபெரி பதக்கம் பெற்றது. அதே 1990களில், அமெரிக்காவில் மிகுதியான எதிர்ப்புக்கு உள்ளான நூல்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. பிள்ளைகள் நிம்மதியாக இருக்கட்டும் என்பதே இங்குக் கூறப்படும் காரணம். புதினத்தில் வரும் பெரியவர்கள் நினைவுகளைப் பூட்டி வைப்பதற்கும் அதுவே காரணம்!

அமெரிக்காவை விடுங்கள். நம் கதைக்கு வருவோம்.

1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைத்தார்கள். அதற்காக மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர்கள் 75,000 பேருக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடியும் பல்லாயிரவரைக் கொன்றன. கஞ்சனாபுரி போர்க் கல்லறையில் நேச நாட்டு வீரர்களின் பெயர் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நம் தொழிலாளர்களின் பெயர்களை அங்கே தேடினால் கிடைக்குமா? 1957இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கிலப் படத்தில் பிரிட்டிஷ் கைதிகளின் வீரம் உண்டு. செத்து மடிந்த தமிழனின் கதை இல்லை.

திரும்பி வந்தவர்களில் பலர் "பிள்ளைகளுக்கு எதற்கு இதெல்லாம்?" என்று வாய்மூடி இருந்துவிட்டார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் நினைவைச் சுமந்த ஒரு முதியவர் இருந்தார். ஜோனஸைப் போன்ற வாரிசைத்தான் யாரும் அவருக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. இன்று அவர்களில் எவரேனும் இருந்தால் வயது நூறை நெருங்கியிருக்கும். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய புதினங்கள் இத்துயரைப் பேசுகின்றன. நம் பள்ளிகளில் எத்தனை மாணவர்கள் இவற்றின் பெயரையாவது கேட்டிருப்பார்கள்?

புக்கிட் ரம்பாய் வட்டாரத்தில் இன்று தொழிற்பேட்டையும் குடியிருப்புகளும் எழுந்துவிட்டன. பால்மரம் சீவுவதைக் கண்டிராத பிள்ளைகளே நம் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். 'என் தாத்தா' என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். எல்லாத் தாளிலும் ஒரே தாத்தாதான் வருவார்! நரைத்த முடி, மூக்குக்கண்ணாடி, அன்பானவர், பண்பானவர், காலையில் நாளிதழ் படிப்பார். அந்தத் தாத்தா மாதிரிக் கட்டுரை நூலிலிருந்து வந்தவர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. அதற்காக வளர்த்த மாதிரிக் கட்டுரை மட்டும் அகலவில்லை. ஜோனஸின் ஊரில் எல்லாரையும் ஒன்றுபோல் ஆக்கச் சட்டம் வேண்டியிருந்தது. இங்கே ஒரு பயிற்சி நூலே போதுமானதாக இருக்கிறது.

பதினாறாம் அத்தியாயத்தில், தன்மேல் அன்பு உண்டா என்று ஜோனஸ் பெற்றோரைக் கேட்கிறான். அச்சொல்லுக்குப் பொருளே இல்லை, அது வழக்கொழிந்துவிட்டது என்று அவர்கள் அவனைத் திருத்துகிறார்கள். தமிழாசிரியருக்கு இதைவிட அச்சமூட்டும் காட்சி வேறு உண்டோ? லயம், கங்காணி, பெரட்டு என்னும் சொற்கள் நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஓசையாக மட்டும் எஞ்சியுள்ளன. நினைவு போனபின் சொல்லை மனனம் செய்வித்து என்ன பயன்?

பிள்ளைகள் அஞ்சமாட்டார்களா என்று கேட்பதில் நியாயம் உண்டு. முதலாம் ஆண்டு மாணவனுக்குப் போர்க்களம் வேண்டா. வயதறிந்து, அளவறிந்து, அருகில் அமர்ந்து சொல்ல வேண்டும். ஆனால், கைப்பேசி விளையாட்டில் நாள்தோறும் நூறு பேரைச் சுடும் பிள்ளைக்குத் தன் கொள்ளுத்தாத்தா பட்ட பாடு தாங்காது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இப்புதினத்தில் ஓரிடம் வருகிறது. பிறப்புகளைக் கூட்டலாமா என்று ஊர்ப் பெரியவர்கள் அம்முதியவரிடம் கேட்கிறார்கள். பசியின் நினைவு அவரிடம் இருந்ததால் வேண்டாம் என்று அறிவுரை கூறுகிறார். பசி என்னவென்றே அறியாத ஊருக்கு வேறு எவரால் அதைக் கூற முடியும்?

ஆகவே, என் வேண்டுகோள்:

1. பெற்றோர்களே, உங்கள் பெற்றோர் தோட்டத்தில் பட்ட ஒரு துன்பத்தையாவது பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும்.

2. ஆசிரியர்களே, ஆண்டுக்கு ஒரு கட்டுரையாவது மாதிரி இல்லாமல் எழுதச் சொல்லுங்கள். வீட்டு முதியவரிடம் கேட்டு எழுதட்டும். ஒற்றுப்பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

3. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குச் சயாம் புதினங்களிலிருந்து தக்க பகுதிகளைப் படித்துக் காட்டுங்கள்.

எனக்கு இன்னும் ஏழு அத்தியாயங்கள் உள்ளன. மறுக்க விரும்புவோர் பதினைந்தாம் அத்தியாயம் வரையிலாவது படித்துவிட்டு வாருங்கள். பிறகு பேசுவோம்.