'ர்' போன கதை

பாடாலூர் டீக்கடையில் யாரிடமாவது "கழகம் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்தக் கழகம்?" என்று திருப்பிக் கேட்பார்கள். நம்மூரில் கழகம் என்றாலே கட்சிதான். திருக்குறளில் தேடினால் அது சூது அதிகாரத்தில் கிடைக்கிறது, சூதாடும் இடம் என்ற பொருளில்! (எதிர்க்கட்சிக்காரர்கள் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். கம்பராமாயணத்தில் அதே சொல் கல்வி கற்கும் இடத்தையும் குறிக்கிறது.)

இதை ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், 'திராவிடம்' என்ற சொல்லைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. "அது வடமொழிச் சொல், கால்டுவெல் 1856-ல் கிளப்பிவிட்டது" என்பது ஒரு கட்சி. கால்டுவெல்லுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே குமாரில பட்டர் அந்தச் சொல்லை ஆண்டிருக்கிறார். தமிழ் என்பதே தமிள, த்ரமிட, திராவிட என்று மாறியது என்போரும் உண்டு. இருக்கட்டும். எங்கிருந்து வந்தது என்பதை வைத்து ஒரு கட்சியின் பெயரை எடைபோட்டால் கழகம் சூதாட்ட விடுதியாகிவிடும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு எழுத்து. 1944-ல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி 'திராவிடர் கழகம்' ஆனது. திராவிடர் என்றால் மக்கள். யார் உள்ளே, யார் வெளியே என்று அந்தப் பெயரே சொல்லிவிடும். 1949 செப்டம்பரில் அண்ணா பிரிந்து வந்து வைத்த பெயரில் 'ர்' இல்லை. திராவிட முன்னேற்றக் கழகம். 'திராவிட' என்றால் நிலம். அந்த நிலத்தில் வாழும் எவரும் சேரலாம், பிராமணர் உட்பட. வி.பி.ராமன் சேரவும் செய்தார். தேர்தலில் நிற்கப்போகும் கட்சிக்கு இந்த ஒற்றெழுத்தை விட்டது எவ்வளவு பெரிய லாபம்! கொள்கைக்கு நட்டமா என்று பெரியார் தொண்டர்களைக் கேட்டால் வேறு பதில் வரும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த நிலமும் நிற்கவில்லை. 1953-ல் ஆந்திரம் பிரிந்தது, 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் வந்தன, 1963-ல் பிரிவினைத் தடைச் சட்டத்திருத்தம் வந்ததும் திராவிட நாடு கோரிக்கையையே கட்சி கைவிட்டது. மக்களைக் குறித்த 'ர்' முன்பே போயிற்று, பின்பு நிலமும் போயிற்று. சொல் மட்டும் போகவில்லை. 1972-ல் எம்.ஜி.ஆர். 'அண்ணா'வை முன்னால் போட்டு அதையே எடுத்துக்கொண்டார், 1994-ல் வைகோ 'மறுமலர்ச்சி' சேர்த்தார். 2005-ல் விஜயகாந்த் தொடங்கிய கட்சியின் பெயர் தேசிய முற்போக்கு திராவிட கழகம். தனிநாடு கேட்ட சொல்லும் 'தேசிய'மும் ஒரே பெயரில்! ஒருவரும் சிரிக்கக்கூட இல்லை.