பட்டறைப் பக்கம்: சூடும் சம்மட்டியும்

கிராமத்துக் கொல்லர் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதை நேரில் கண்டவர்கள் நம் சங்கத்துப் பெரியவர்களில் சிலராவது இருப்பார்கள். சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாகவே இரும்புப் பட்டையை வளைத்து இணைப்பார். விறகும் வறட்டியும் அடுக்கி அதைப் பழுக்கக் காய்ச்சி, குறடுகளால் தூக்கி மரச் சக்கரத்தின்மீது அமர்த்தி, உடனே தண்ணீர் ஊற்றுவார். பட்டை சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும்.

ஆலைகளில் மோட்டார் ஷாப்ட்டின்மீது கப்ளிங் ஏற்றுவதும் இதே நியாயப்படிதான். கப்ளிங்கின் துளை ஷாப்ட்டைவிட இம்மியளவு சிறிதாகக் கடையப்பட்டிருக்கும். 100 மில்லிமீட்டர் ஷாப்ட்டில் அந்த வித்தியாசம் 0.05 மில்லிமீட்டர் என்றாலே நல்ல இறுக்கந்தான்; எழுதும் காகிதத்தின் கனத்தில் ஏறக்குறையப் பாதி. எஃகின் உஷ்ணத்தை 100 டிகிரி சென்டிகிரேடு உயர்த்தினாலோ, அந்த அளவுத் துளை சுமார் 0.11 மில்லிமீட்டர் விரிகிறது. கப்ளிங் தானாகவே வழுக்கிக்கொண்டு ஏறிவிடும்.

கணக்கு இவ்வளவு எளிதாயிருந்தும் பட்டறைகளில் சம்மட்டியின் ஆட்சி ஓய்ந்தபாடில்லை. வடநாட்டில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் முதலில் கற்கும் ஹிந்திச் சொற்களுள் 'டோகோ' என்பதும் ஒன்று. அடி என்று பொருள். மேஸ்திரி சொல்கிறார், பாஷையோ பிடிபடவில்லை, எதிர்த்துக் கேட்கக் கூச்சம். பையன் அடித்துவிடுகிறான். கப்ளிங்மேல் விழுந்த அடி ஷாப்ட்டின் வழியே சென்று மோட்டாரின் பேரிங்கில் இறங்குகிறது. குண்டுகள் தாம் ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களைப் பதிக்கின்றன. அன்றைக்கு மோட்டார் நன்றாகவே ஓடும். சில வாரங்கள் கழித்து, வேறொருவர் ஷிப்டில், இரைச்சல் எழும்பும். 'மாட்டியது யார்?' என்ற விசாரணையில் புதியவன் பெயரே முதலில் வரும். ஆகவே 'கரம் கர்கே சடாயேங்கே', அதாவது சூடாக்கி ஏற்றுவோம் என்ற மூன்று சொற்களையும் இளைஞர்கள் கூடவே கற்றுக்கொள்வது நல்லது.

சூட்டுக்கும் எல்லை உண்டு. பேரிங்கை 120 டிகிரிக்குமேல் கொண்டுபோகலாகாது; கிரீஸ் அடைத்து மூடிய பேரிங்கானால் 80 டிகிரியோடு நிறுத்திவிட வேண்டும். பேரிங்மீது கேஸ் சுடரை நேரே காட்டுவது அறவே கூடாது. ஓரிடம் கருகும்போது மறுபக்கம் குளிர்ந்தே இருக்கும். மின்தூண்டல் ஹீட்டர் இருக்குமிடத்தில் அதுவே உத்தமம். எல்லாவற்றையும் சூடாக்கித்தான் ஏற்றுகிறார்கள் என்பதுமில்லை. ரயில் சக்கரங்களை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் குளிர்ந்த நிலையிலேயே அச்சில் ஏற்றுகிறார்கள். அங்கே எவ்வளவு அழுத்தத்தில் சக்கரம் ஏறியது என்பதை வரைபடமாகப் பதிவு செய்து, அதைப் பார்த்தே ஒப்புக்கொள்கிறார்கள்.

கழற்றுவதுதான் இன்னும் கடினம். ஆபத்தும் அதில்தான் அதிகம். முதலில் கிரீஸையும் பெயிண்டையும் சுரண்டி, மறைந்துகிடக்கும் கிரப் ஸ்க்ரூவைத் தேடுங்கள். அதைக் கழற்றாமல் அரைநாள் மல்லாடுகிறவர்கள் எத்தனையோ பேர். பிறகு புல்லரை மாட்டி இறுக்கி வைத்துவிட்டு, அதன்பின் சூடு காட்ட வேண்டும். அதுவும் கப்ளிங்கைச் சுற்றிலும் விரைவாக. மெள்ள மெள்ளக் காய்ச்சினால் ஷாப்ட்டும் சேர்ந்து விரிந்துவிடும், இடைவெளி பிறக்காது. ஷாப்ட்டில் ஈரத்துணி சுற்றுவது இதற்காகவே. உள்ளே மூடிய குழியும் அதில் எண்ணெயும் இருக்குமானால் சூடு காட்டவே கூடாது, வெடித்துவிடும்.

பெரிய கப்ளிங்குகளில் துளைக்கும் ஷாப்ட்டுக்கும் இடையே எண்ணெயை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திக் கழற்றும் முறையும் உண்டு. 1940களில் ஸ்வீடன் நாட்டு எஸ்.கே.எஃப். நிறுவனத்தில் உருவானது. சரிவாகக் கடைந்த ஷாப்ட்டானால், எண்ணெய் பரவிய கணத்தில் கப்ளிங் பீரங்கிக் குண்டுபோல் பாயும். ஷாப்ட்டின் முனையிலுள்ள நட்டைத் தளர்த்தலாமேயன்றி அகற்றிவிடக் கூடாது. எந்த முறையானாலும் ஷாப்ட்டின் நேர் எதிரே யாரும் நிற்க வேண்டாம்.

ஏற்றும் வேலையில் இன்னொன்று. சூடான கப்ளிங் ஷாப்ட்டின் படியில் போய் முட்டியதும் கையை எடுத்துவிடாதீர்கள். ஆறும்போது அது படியைவிட்டுச் சற்று விலகுவதுண்டு. நன்றாகப் பிடிக்கும்வரை அழுத்திப் பிடித்திருந்து, முழுதும் ஆறியபின் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை இடையில் நுழைத்துப் பாருங்கள்.