கோடை விழாவும் கிளியூர்ச் சேறும்

சித்திரை பிறந்து பத்து நாள் ஆகிவிட்டால், மலையிலிருந்து எங்கள் மண்டிக்கு வரும் தொலைபேசிகளில் பேச்சு ஒரே விதமாகத்தான் தொடங்கும். "ஏங்க அண்ணே, இந்தத் தடவை விழா சமயத்துல மழை வருமுங்களா?" துவரம்பருப்பு விலையை அதற்கப்புறம்தான் கேட்பார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு ஏற்காட்டு வானம் எப்படித் தெரியும்? ஆனாலும், "வராதுங்க, தைரியமா எடுங்க" என்று சொல்லிச் சரக்கை ஏற்றி அனுப்பியிருக்கிறோம். ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, பல வருடங்கள். அப்படிச் சொன்னது நியாயம்தானா என்ற யோசனை சில காலமாக எங்களை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதை நம் சங்க உறுப்பினர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏற்காடு கோடை விழாவை அறியாதவர் நம் மாவட்டத்தில் இல்லை. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியில் படகுப் போட்டி, நாய்க் கண்காட்சி, மாலையில் மேடையில் நாதசுரமும் கிராமியக் கலைகளும் மெல்லிசையும் என்று மே மாதத்தில் சில நாட்கள் மலையே களைகட்டும். கொரோனா காரணமாக 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் நடக்கவில்லை. 2022-ல் மீண்டும் தொடங்கியபோது மலையில் உள்ள சிறு வியாபாரிகள் பட்ட சந்தோஷத்தை நேரில் கண்டோம். ஏரிக்கரையிலும் கிளியூர் அருவிக்குப் போகும் சாலையிலும் கடை வைத்திருப்பவர்களுக்கு, இந்தச் சில நாள் வியாபாரம்தான் பள்ளிக் கட்டணமாகவும் பழைய பாக்கிக்கு வரவாகவும் மாறுகிறது.

இதில் சங்கடம் என்னவென்றால், விழாவும் மழையும் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. 2025-ஆம் ஆண்டு 48-ஆவது விழா மே 23-ஆம் தேதி தொடங்கியது. மறுநாள் 24-ஆம் தேதி கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலைத் துறை அறிவித்தது. வழக்கமாக ஜூன் 1-ஆம் தேதி வாக்கில் வரவேண்டியது எட்டு நாள் முந்திக்கொண்டது. 2009-க்குப் பிறகு இத்தனை சீக்கிரம் வந்ததில்லை என்றும் சொன்னார்கள். அதே வாரத்தில் நீலகிரிக்குச் சிவப்பு எச்சரிக்கை. நம் மலைக்கு அந்த அளவு வரவில்லை என்றாலும், வயிற்றில் புளியைக் கரைத்ததை மறக்க முடியுமா?

பருவமழையை விட்டாலும் கோடை மழை இருக்கிறது. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மலைச்சரிவில் சூடேறிய காற்று மேலே கிளம்பி, பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் கருக்கல் கட்டும். பிறகு இடி, மாலையில் ஒரு பாட்டம் கொட்டித் தீர்க்கும். மேடையில் கச்சேரி ஆரம்பிக்கிற நேரமும் பெரும்பாலும் அதுவே. (இசை நிகழ்ச்சியைக் காலை பத்து மணிக்கு வைத்தால் என்ன என்று பல வருடங்களாக எங்களுக்கு ஓர் எண்ணம். சேலத்திலிருந்து வருகிறவர்கள் இருட்டுவதற்குள் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிவிடத்தானே பார்க்கிறார்கள்? காலையில் பாட்டு எடுபடாது என்று சொல்லிவிட்டார்கள். இருக்கலாம், நமக்குச் சங்கீதம் தெரியாது.)

மழை வந்தால் கூட்டம் குறையும் என்பது வெளியில் தெரியும் நஷ்டம். கடைக்குள் நடக்கும் நஷ்டம் வியாபாரிக்கு மட்டுமே தெரியும். மலைக்காற்றின் ஈரத்தில் பொரி ஒரே இரவில் நமத்துப்போகும். அப்பளக்கட்டு வளைந்துகொள்ளும். வெல்லம் இளகிச் சாக்கோடு ஒட்டும், சர்க்கரை கசியும், மைதா கட்டி தட்டும், உப்பு மூட்டையின் அடியில் தண்ணீர் நிற்கும். தரையில் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும், விழாவுக்காகக் கிடைத்த சந்துகளிலெல்லாம் சரக்கைத் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபின் காகிதப் பொட்டலம்தான். அது நல்லதே. ஆனால் மழையில் காகிதப் பொட்டலம் வாடிக்கையாளர் கையிலேயே பிரிந்துபோனால் ஏச்சு கடைக்காரருக்குத்தான். விழா நாட்களுக்கு மட்டுமாவது பாக்குமட்டைத் தட்டும் துணிப்பையும் கூடுதலாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். கிளியூர்ப் பக்கம் சிறு மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர், எங்களிடம் நெடுநாள் பற்று வரவு உள்ளவர், விழாவை நம்பி வழக்கத்தைப்போல மூன்று மடங்கு சரக்கு எடுத்தார். கடலை மாவு, மைதா, பாமாயில், மிக்சர், பொரி, பிஸ்கட் பெட்டிகள். நாங்களும்தான் எடுக்கச் சொன்னோம். விழாவில் மூன்று நாள் விடாத மழை. மழையில் நனைந்துகொண்டு வந்தவர்களும் உண்டு. ஆனால் கடைக்கு முன்னால் வண்டிகள் ஏறி இறங்கிக் கணுக்கால் ஆழத்துக்குச் செம்மண் சேறு. அதைத் தாண்டி யார் வந்து பஜ்ஜி தின்பார்கள்? எதிர்ப்புறம் கல் பாவிய தரையில் இருந்த டீக்கடையில் அதே மழையில் வியாபாரம் கனஜோராக நடந்ததாம். இவருக்குப் பாதிச் சரக்கு தேங்கிவிட்டது. தவணை நாளில் எங்கள் ஆள் வசூலுக்குப் போனார். முழுப் பணமும் வந்தது. 'கெட்டிக்காரர், சொன்ன நாளில் கட்டிவிட்டார்' என்று பேரேட்டில் வரவு வைத்தோம். வீட்டம்மாளின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினார் என்பது ஆறு மாதம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. அவர் எங்களிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் இன்னமும் தைக்கிறது.

அந்தச் சம்பவத்திலிருந்து எங்களுக்குத் தெளிவானது, அவரைக் கெடுத்தது மழை அல்ல, கடை வாசல் சேறு என்பது. சேறு வானத்திலிருந்து விழுவதில்லையே. தண்ணீர் ஓட வழியில்லாத இடத்தில் வண்டிச் சக்கரம் உருண்டால் அது உண்டாகிறது.

மழை வேண்டாம் என்று நாம் வேண்டிக்கொள்வதும் சரியல்ல. மலையில் கடை வைத்திருப்பவருக்கு வருடம் முழுவதும் அரிசி பருப்பு வாங்குகிறவர் யார்? காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர், மிளகு வைத்திருப்பவர், சுற்றுக் கிராமத்து மலைவாழ் மக்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் காப்பிதான் இன்றும் அம்மலையின் முதுகெலும்பு. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால்தான் காப்பிச்செடி பூக்கும். அடுத்தடுத்து மழை விழுந்தால்தான் பிடித்த பிஞ்சு நிற்கும். மழை பொய்த்தால் அறுவடைக் கூலி குறையும். கூலி குறைந்தால் தை மாதத்தில் கடைச் சிட்டையில் பாக்கி ஏறும். கிளியூர் அருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் அங்கே போய் விழுகிறது. கோடையில் மழை இல்லாவிட்டால் பாறையைத்தான் பார்க்கவேண்டும். செங்குத்தான படிகளில் இறங்கி வெறும் பாறையைப் பார்த்துவிட்டு மேலேறி வருகிறவர், மூச்சு வாங்குகிற எரிச்சலில் ஒரு சோடாகூட வாங்குவதில்லை. அருவியில் தண்ணீர் விழுந்தால் குடும்பத்தோடு இரண்டு மணி நேரம் அங்கேயே இருப்பார்.

சேற்றை என்ன செய்வது? வெளிநாடுகளில் திறந்தவெளி இசை விழா நடத்துகிறவர்கள் இதில் நிறைய அடிபட்டிருக்கிறார்கள். 1969-இல் அமெரிக்காவில் உட்ஸ்டாக் என்ற இசை விழா ஒரு பால் பண்ணை நிலத்தில் நடந்தபோது நான்கு லட்சம் பேருக்கு மேல் கூடி, மழையில் நிலம் களியாகி, சாப்பாடும் தீர்ந்து, சுற்றுவட்டாரத்து மக்கள் உணவு கொடுத்து உதவினார்களாம். 2023 ஆகஸ்டில் ஜெர்மனியில் வாக்கன் என்ற கிராமத்து விழாவுக்கு 85 ஆயிரம் பேருக்கு இடம் இருந்தும், சேற்றில் வண்டிகள் புதைந்ததால் மேற்கொண்டு யாரும் வரவேண்டாம் என்று பாதியில் அறிவிக்க வேண்டியதாயிற்று. அங்கெல்லாம் வைக்கோல் பரப்புகிறார்கள், மரச்சீவல் கொட்டுகிறார்கள், வண்டித் தடத்தில் இரும்புத் தகடு போடுகிறார்கள். அத்தனை செலவு நமக்கு வேண்டியதில்லை. வாகனம் நிறுத்தும் இடங்களில் கிராவலும் ஜல்லியும் விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே கொட்டி உருட்டிவிட வேண்டும். முதல் நாள் இரவு கொட்டினால் அதுவும் சேற்றோடு சேறாகும். ஓரத்தில் ஒரு அடி அகலம் வாய்க்கால் எடுத்துத் தண்ணீரைச் சரிவுப் பக்கம் திருப்பவேண்டும். இது நிர்வாகத்திடம் சங்கம் எழுத்துமூலம் கேட்கவேண்டிய வேலை. மே மாதத்தில் கேட்டால் டெண்டர் முடிவதற்குள் விழாவே முடிந்துவிடும். பங்குனியிலேயே மனு போகட்டும்.

கடை வாசல் நம் பொறுப்பு. அதற்கு அரசாங்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பத்து அடி நீளத்துக்குச் செங்கல் துண்டும் கிரஷர் தூளும் போட்டு, மேலே சணல் சாக்கை இரண்டு மடிப்பாக விரித்தால் ஒரு விழாவைத் தாங்கும். பிளாஸ்டிக் சாக்கு ஆகாது, வழுக்கும். ஒரு பெரியவர் கடை வாசலில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டால் அந்தப் பாவம் நம்மைச் சேரும்.

இனி, நஷ்டம் யாருடையது என்ற கேள்விக்கு வருகிறோம். 2023-இல் சென்னைப் பனையூரில் ஏ.ஆர். ரகுமானின் இசை நிகழ்ச்சி ஆகஸ்ட் 12-ஆம் தேதி நடப்பதாக இருந்து, மழையால் ஒத்திவைக்கப்பட்டு, செப்டம்பர் 10-ஆம் தேதி நடந்தது. அன்று நெரிசலில் சீட்டு வைத்திருந்தும் பலர் உள்ளே போகமுடியாமல் திரும்பியது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. உள்ளே வரமுடியாதவர்கள் சீட்டு நகலை அனுப்பும்படி ரகுமானே கேட்டுக்கொண்டார். பெருந்தன்மைதான். சீட்டு வாங்கியவருக்குக் கேட்க ஓர் இடம் இருக்கிறது. விழாவை நம்பிக் கடலை மாவு வாங்கியவர் எங்கே போய் நகலை நீட்டுவார்? அவர் நீட்டக்கூடிய ஒரே இடம் எங்கள் மண்டிதான். அங்கே இதுவரை நாங்கள் "விற்ற சரக்கு வாபஸ் இல்லை" என்று பலகை மாட்டி வைத்திருந்தோம்.

மொத்த வியாபாரிகளில் சிலருக்கு நாங்கள் சொல்லப்போவது பிடிக்காது. "அவனவன் கணக்குப் போட்டு எடுக்கணும், நாமென்ன தர்மசத்திரமா?" என்பார்கள். அந்தப் பேச்சிலும் நியாயம் உண்டு. வரைமுறை இல்லாமல் எடுத்துவிட்டு வானத்தைக் காட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறோம். ஆனால் அதிகம் எடுக்கும்படி ஆசை காட்டியவர் நாம் என்றால், லாபத்தில் மட்டும் பங்கு வாங்கிக்கொண்டு மழைக்கு முதுகைக் காட்டுவது வியாபார தர்மம் ஆகாது. மலைக்கடை மூடிப்போனால் அடுத்த வருடம் நம் சரக்கை ஏற்றிக்கொண்டு போக அங்கே யார் இருப்பார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

ஆகவே, எங்கள் மண்டியில் கோடை விழாச் சரக்குக்கு மட்டும் ஒரு புதிய ஏற்பாடு செய்திருக்கிறோம். பிஸ்கட், சோப்பு, டீத்தூள், சீல் உடையாத எண்ணெய் டின், தைத்த வாய் பிரியாத மாவு மூட்டை ஆகியவற்றில் வழக்கமான அளவுக்கு மேல் எடுத்ததை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்வோம். கிரெடிட் நோட்டுப் போட்டு வரியைச் சரிசெய்ய ஜி.எஸ்.டி. சட்டத்திலேயே வழி இருப்பதால் அது ஒரு சாக்கு ஆகாது. இறக்குக்கூலியும் வண்டி வாடகையும் ஆளுக்குப் பாதி. பொரி, மிக்சர், வெல்லம் போன்றவற்றைத் திருப்ப முடியாது. அவற்றை மொத்தமாக ஏற்றாமல் விழா நாட்களில் தினமும் காலை வண்டியில் தேவைக்கு மட்டும் அனுப்புவோம். முந்தின இரவு எட்டு மணிக்குள் சொன்னால் போதும். வானிலை முன்னறிவிப்பு இப்போது கைப்பேசியிலேயே வருகிறது. அதைப் பார்த்து மறுநாளைக்கு எவ்வளவு என்று சொல்லலாம். மழை என்று இருந்தால் பொரியைக் குறைத்துக் கடலை மாவு, எண்ணெய், டீத்தூள், சுக்கு, மிளகு இவற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். குளிரில் நடுங்கி வருகிறவருக்குச் சூடான பஜ்ஜியும் சுக்குக் காப்பியும் வேண்டியிருக்கும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றது நினைவிருக்கும். அதுபோல நேர்ந்து, குப்பனூர் வழியும் அடைபட்டால், காலை வண்டி வராது. அதற்காக இரண்டு நாள் இருப்பு கடையில் எப்போதும் இருக்கட்டும். அதற்கு மேல் வேண்டாம்.

மண்டியில் நல்ல சணல் சாக்குகள் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறோம். கிளியூர்ச் சாலையிலும் ஏரிக்கரையிலும் கடை வைத்திருப்பவர்கள் கடைக்கு ஆறு வீதம், விலையில்லாமல், சரக்கு வண்டியிலேயே பெற்றுக்கொள்ளலாம். விழாச் சரக்கைத் திருப்புகிறவர்கள் விழா முடிந்த பத்து நாளுக்குள், பில்லோடு அனுப்பவும். ஞாயிற்றுக்கிழமை மண்டி விடுமுறை.