காட்டுமனிதனும் தரையில் ஒட்டிய டேப்பும்

ஜிமி ஹெண்ட்ரிக்ஸைப் பற்றி நம்மாட்கள் எழுதும் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் நாலாவது வரியில் 'வெறி' வந்துவிடும். சாமி வந்தவர் போல வாசித்தாராம். கிட்டார் தானாக அலறியதாம். பாராட்டுகிறார்களாம்! படிக்கும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

தானாக அலறினால் அது மேடை மைக்கில் வரும் 'கீய்ங்' சத்தம்தாங்க. அதை யாரும் இசை என்பதில்லை. கிட்டார் ஃபீட்பேக்கில் நடப்பது என்ன? கம்பியின் அதிர்வைப் பிக்கப் மின்சாரமாக்குகிறது. ஆம்ப் அதைப் பெருக்குகிறது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி திரும்ப வந்து அதே கம்பியை உலுக்குகிறது. மறுபடி மீட்டாமலேயே ஸ்வரம் நின்று ஒலிக்கிறது. எந்த ஸ்வரம் என்பது ஆம்புக்கும் உங்களுக்கும் எத்தனை அடி, எந்தக் கோணம், வால்யூம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. ஓர் எட்டு நகர்ந்தால் போதும், அடிப்படை ஸ்வரம் போய் அதன் ஹார்மோனிக்ஸில் ஒன்று வந்து நிற்கும். வேண்டாத கம்பிகளைக் கை அமுக்கிக்கொண்டே இருக்கணும். கொஞ்சம் கவனம் தப்பினால் வெறும் கூச்சல்.

1977இல் பெர்லினின் ஹான்சா ஸ்டூடியோவில் டேவிட் போவியின் 'ஹீரோஸ்' பாடலுக்கு ராபர்ட் ஃப்ரிப் வாசித்தார். எந்த ஸ்வரத்துக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருந்ததாகத் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி சொல்லியிருக்கிறார். ஃப்ரிப்பை யாரும் வெறிபிடித்தவர் என்று எழுதுவதில்லை. துல்லியம், கணிதம், அறிவுஜீவி என்றுதான் எழுதுகிறார்கள்.

அதற்கு எட்டு வருடம் முன்னால், 1969 ஆகஸ்ட் 18 காலையில், உட்ஸ்டாக் மேடையில் ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தார். வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பாட்டில் ராக்கெட்டும் குண்டும் வருகிற இடத்தில் கிட்டாரில் குண்டு விழுகிறது. பிறகு மெட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அன்றைக்குத் திடீரென்று தோன்றியதா? இல்லை. அதற்கு முன்பே பல மேடைகளில் அவர் அதை வாசித்திருக்கிறார். எங்கே உடைப்பது, எங்கே திரும்புவது என்று தெரிந்தவர்.

ஆனால் அவருக்குக் கிடைத்த பெயர் என்ன? 'போர்னியோவின் காட்டுமனிதன்.' பிரிட்டிஷ் பத்திரிகைகள் 1960களில் ஒட்டிய முத்திரை அது. வெள்ளையர் செய்தால் கணக்கு, கறுப்பர் செய்தால் வெறி. அதே முத்திரையை இன்று நாம் தமிழில், அதுவும் பாசத்தோடு, குத்திக்கொண்டிருக்கிறோம்.

'கேட்டால் வெறி ஏறுதே, பாஸ்?' என்பீர்கள். ஏறட்டும். கேட்கிறவருக்கு ஏறலாம். வாசிக்கிறவருக்கு ஏறினால் ஸ்வரம் போச்சு.

அடுத்த முறை அந்த உட்ஸ்டாக் காணொளியைப் பார்க்கும்போது முகத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பாருங்கள். அப்புறமும் 'வெறி' என்று எழுதத் தோன்றினால், தாராளமாக எழுதுங்கள்.