ஸ்க்ரூவுக்குப் பிடிவாதம் கிடையாது

பழைய பைக் வைத்திருப்பவர்களுக்கும் அதைப் பழுது பார்ப்பவர்களுக்குமான பதிவு இது. கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோபம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

“சார், ஸ்க்ரூ ரொம்பப் பிடிவாதமா இருக்கு. கார்புரேட்டரே போச்சு, புதுசு மாத்திடலாம்.” ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் பலர் இதைக் கேட்டிருப்பீர்கள். “இந்தப் பையனுக்கு மண்டையில ஏறாது சார்” என்று கைகழுவும் வாத்தியார்களை ஸ்டாஃப் ரூமில் நிறையப் பார்த்தவன் நான். இரண்டும் ஒரே பேச்சுதான். தன் முறை தப்பு என்று ஒப்புக்கொள்ள மனம் வராதவர்கள் பழியை எதிரில் இருப்பதன்மேல் போடுகிறார்கள்.

விஷயம் இதுதான். நாம் “ஸ்டார்” என்று சொல்லும் ஸ்க்ரூ டிரைவர் பிலிப்ஸ் வகை. அமெரிக்காவில் 1936-இல் காப்புரிமை பெற்றது. ஆர்எக்ஸ் 100-இல் இருப்பது மிகுனி கார்புரேட்டர், ஜப்பான் வடிவமைப்பு. அதன் ஸ்க்ரூக்கள் ஜப்பானியத் தர அளவான ஜே.ஐ.எஸ். வகை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் பிலிப்ஸ் முனை ஜே.ஐ.எஸ். பள்ளத்தில் முழுதாக இறங்கி உட்காராது. திருகினால் மேலே ஏறி வழுக்கும். இரண்டு தடவை வழுக்கினால் ஸ்க்ரூ தலை மொழுக்கை. பல ஜே.ஐ.எஸ். ஸ்க்ரூக்களின் தலையில் சின்னதாக ஒரு புள்ளி அடையாளமும் இருக்கும். யார் பார்க்கிறார்கள்?

அடுத்து வருவது உளியும் சுத்தியலும். கார்புரேட்டர் உடம்பு இரும்பல்ல, மெத்தென்ற உலோகக் கலவை வார்ப்பு. ஓங்கி அடித்தால் காது உடையும், மறை போகும். என்ஜின் கவருக்கு இம்பேக்ட் டிரைவர் சரி, கார்புரேட்டர் அதைத் தாங்காது. 1996-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. உடைத்த ஒரிஜினலுக்குப் பதிலாகப் பெரும்பாலும் டூப்ளிகேட்தான் வந்து உட்காரும். பிறகு ஐடிலிங் நிற்கவில்லை, மைலேஜ் இல்லை என்று புலம்பல். “பழைய வண்டி, அப்படித்தான்” என்று பதில்.

சரியான வழி ஒன்றும் ரகசியமில்லை. கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, ஸ்க்ரூ தலைப் பள்ளத்து அழுக்கை ஊசியால் எடுங்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். ஜே.ஐ.எஸ். இரண்டாம் நம்பர் முனையை வைத்து, டிரைவர் தலையில் லேசாக நாலு தட்டு. திருகும் பலத்தைவிட அழுத்தும் பலம் அதிகம் வேண்டும். அசையாவிட்டால், பெட்ரோலும் எண்ணெயும் துளி இல்லாமல் துடைத்து, ரப்பர் பாகங்களை எடுத்துவிட்டு, ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டுங்கள். நெருப்பு கூடவே கூடாது. வார்ப்பு எஃகைவிட அதிகம் விரியும், பிடி தளரும். தலை ஏற்கெனவே மொழுக்கையா? தலையை மட்டும் டிரில் செய்து எடுத்தால் கப் கழன்று வரும். மிச்சமிருக்கும் தண்டை வைஸ் கிரிப்பில் பிடித்துத் திருப்பலாம்.

புது ஸ்க்ரூ போடும்போதும் அவசரம் வேண்டாம். ஃப்ளோட் கப்பில் பெரும்பாலும் எம் 4, மறை இடைவெளி 0.7 மி.மீ. பழையதோடு வைத்து நீளம் பாருங்கள். நீளம் கூடினால் அடியில் முட்டி, கப் இறுகாமல் பெட்ரோல் ஒழுகும். ஆலன் கீ ஸ்க்ரூ நல்லது, ஆனால் அதில் பலம் அதிகம் ஏறும். கீயின் குட்டைப் பக்கத்தை விரலால் பிடித்து, குறுக்கு வாட்டில் மாற்றி மாற்றி இறுக்கினால் போதும். மறையில் துளி கிரீஸ் வைத்தால் அடுத்தவர் உங்களை வாழ்த்துவார்.

“இதுக்கெல்லாம் நேரம் ஏது சார்?” என்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வண்டிக்காரர்களான நாம். பட்டறையில் தலைமேல் நின்று அவசரப்படுத்துகிறோம். ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். ஒரு ராத்திரி வண்டியை விட்டு வரச் சொன்னால் முகம் சுளிக்கிறோம். பட்டறையில் வேலை பழகும் பையனுக்கு அந்த முனையை யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை, வித்தியாசத்தைச் சொல்லியும் கொடுக்கவில்லை. 2020-இல் பி.எஸ். 6 வந்தபின் பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டரே இல்லை. இனி அவன் எங்கே கற்பான்?

சில நூறு ரூபாய்க்கு ஜே.ஐ.எஸ். டிரைவர் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வண்டியோடு கொண்டுபோங்கள். “தம்பி, இதை வச்சுக் கழட்டுப்பா, நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்” என்று சொல்லுங்கள். வேலை முடிந்ததும் டிரைவரை அவனிடமே விட்டுவிட்டு வாருங்கள்.